எலிக்கு வயர் உணவல்ல: கார்க் கம்பிகள் கடிபடுவதன் அறிவியல்

காலை 6.30 மணி. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட வேண்டும். காரை இயக்குகிறீர்கள். இயந்திரம் ஓடத் தொடங்குகிறது, ஆனால் சீராக இல்லை, வண்டி நடுங்குகிறது. முகப்பில் மஞ்சள் நிறத்தில் இயந்திரச் சின்னம் எரிகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், மெக்கானிக் பானட்டைத் திறந்து ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்: "எலி கடிச்சிருக்குங்க."

தாமான் வீடுகளில் குடியிருக்கும் பலருக்கு இது பழகிப்போன செய்தி. அடுத்து என்ன செய்வது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு யோசனை வரும். பாச்சை உருண்டையைக் கட்டித் தொங்கவிடச் சொல்வார் ஒருவர். ஒலி எழுப்பும் கருவி வாங்கச் சொல்வார் இன்னொருவர். பக்கத்து வீட்டு அக்கா புகையிலையை வைக்கச் சொல்வார். இவற்றில் சில ஓரளவு பயன் தரும்; சில பணத்தைத்தான் வீணாக்கும்; ஒன்று உங்கள் வீட்டுக் குழந்தைக்கே ஆபத்தாக முடியலாம்.

எதை நம்புவது? எலியின் பல், எலியின் பழக்கம், கம்பியில் ஓடும் மின்சாரம் ஆகிய மூன்றையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நீங்களே முடிவு செய்யலாம்.

வளர்ந்துகொண்டே இருக்கும் உளி

எலி, அணில், முள்ளம்பன்றி ஆகியவை கொறிவிலங்குகள். இவற்றுக்கு மேல்தாடையில் இரண்டு, கீழ்த்தாடையில் இரண்டு என நான்கு வெட்டுப்பற்கள் உள்ளன. நம் பற்கள் ஓர் அளவோடு வளர்ச்சியை நிறுத்திவிடும். எலியின் வெட்டுப்பற்களோ வாழ்நாள் முழுவதும் வேரிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். வளர்ச்சி வாரத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர். தேய்மானமே இல்லாவிட்டால் ஓராண்டில் பல் 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும்.

அந்தப் பல்லின் அமைப்பும் வியப்பானது. முன்பக்கத்தில் மட்டும் கெட்டியான எனாமல் இருக்கிறது. அதில் இரும்புச் சத்து கலந்திருப்பதால்தான் பல் மஞ்சளாகத் தெரிகிறது. பின்பக்கத்தில் இருப்பது அதைவிட மென்மையான பல்திசு. மென்மையான பகுதி விரைவில் தேய, கெட்டியான பகுதி முனையாக நிற்கிறது. தச்சரின் உளிக்கும் இதே அமைப்புதான். எலி தன் பல்லைத் தானே தீட்டிக்கொள்கிறது.

பொருள்களின் கடினத்தை ஒப்பிட மோஸ் அளவுகோல் உதவும். அதில் தாமிரம் ஏறக்குறைய 3. எலிப் பல்லின் எனாமல் ஏறக்குறைய 5. கம்பியின் நெகிழி உறை தாமிரத்தைவிடப் பல மடங்கு மென்மையானது. அந்தப் பல்லுக்கு அது ஒரு தடையே அல்ல.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்வோம். எலி வயரைத் தின்பதில்லை. அதன் வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. கொறிக்கும்போது உதட்டின் தோலை அந்த இடைவெளிக்குள் மடித்து வாயை மூடிக்கொள்ளும். கொறித்த துகள் தொண்டைக்குப் போகாது. கடிபட்ட காரின் அடியில் நெகிழித் துணுக்குகள் சிதறிக் கிடப்பது இதனால்தான்.

தின்பதற்கு இல்லையென்றால் ஏன் கடிக்க வேண்டும்? பல்லைக் குறைப்பது மட்டும் காரணமன்று. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ஒன்றோடொன்று உரசியே எலி அதைச் செய்துகொள்ளும். வழியை மறிக்கும் பொருளை வெட்டுவதற்கும், புதிய பொருள் என்னவென்று பார்ப்பதற்கும், கூடு கட்ட நார் எடுப்பதற்கும் எலிக்கு வாய்தான் கை. பானட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சு விரிப்பு கிழிந்திருந்தால், எங்கோ அருகில் கூடு தயாராகிறது என்று பொருள்.

ஏன் காரைத் தேடி வருகிறது?

குளிர்நாடுகளில் இயந்திரத்தின் சூடு எலியை இழுக்கும். நம் நாட்டில் இரவிலும் குளிர் அதிகம் இல்லை. இங்கே எலிக்கு வேண்டியது மறைவு. பருந்து, பூனை, நாய், மனிதர் என அதற்கு எதிரிகள் பல. அதனால் திறந்தவெளியில் நடமாட விரும்பாது. சுவரோரமாக, மீசை மயிர் ஏதாவது ஒன்றில் உரசியபடிதான் ஓடும். இருட்டு, குறுகலான இடுக்கு, மழை படாத கூரை ஆகிய மூன்றும் இயந்திர அறைக்குள் ஒருசேரக் கிடைக்கின்றன. அதன் அடிப்பக்கமோ பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும். பெரிய எலிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு போதும்.

அடுத்தது தீனி. வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் மூடாத குப்பைத் தொட்டி, ஒட்டுக்கடையின் மிச்சம் விழும் கால்வாய், பூனைக்கு வைத்த தட்டு, கீழே விழுந்து அழுகும் மாம்பழம், ரம்புத்தான் என நகரத்து எலிக்குப் பஞ்சமே இல்லை. அது பொதுவாகத் தன் கூட்டிலிருந்து சில பத்து மீட்டருக்குள்தான் நடமாடும். ஆகவே உங்கள் காரை எலி கடித்தால் அதன் வீடும் உணவும் மிக அருகில் இருக்கின்றன. இந்த ஒரு செய்தியை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது, நகராத வண்டி. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது எத்தனையோ கார்கள் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றன. அப்படி நிற்கும் காரை எலி ஒரு புதர்போல எடுத்துக்கொள்ளும். ஒருமுறை வந்த எலி சிறுநீரால் வழியைக் குறித்துவிட்டுப் போகும். அடுத்த எலி அந்த வாசனையைப் பிடித்து வரும். வயரை மாற்றிய சில நாளிலேயே மீண்டும் கடிபடுவதற்கு இது முக்கியமான காரணம்.

சோயா கதை உண்மையா?

"இப்போதைய வயர் உறை சோயாவில் செய்யப்படுகிறது, அதனால்தான் எலி தின்கிறது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சில உறைகளில் தாவரமூலப் பொருள்கள் சேர்க்கப்படுவது உண்மை. அமெரிக்காவில் 2016இல் இதை வைத்துக் கார் உரிமையாளர்கள் நீதிமன்றம்வரை சென்றார்கள்.

ஆனால் அறிவியல் கேட்கும் கேள்வி வேறு. சோயா இல்லாத வயரை எலி விட்டுவைக்கிறதா? இல்லை. சோயா உறை வருவதற்கு வெகுகாலம் முன்பே எலி வீட்டு மின்கம்பிகளையும் தொலைபேசிக் கம்பிகளையும் கடித்திருக்கிறது; மென்மையான ஈயக் குழாயைக்கூட விட்டதில்லை. ஆகவே "இந்தக் கார் வேண்டாம், அந்தக் கார் வாங்கு" என்ற யோசனையால் பிரச்சினை தீராது. எலி இருக்கும் இடத்தில் எந்தக் காரும் கடிபடும்.

உறை போனால் என்ன நடக்கும்?

தமிழ்ப்பள்ளி அறிவியலில் எளிதில் கடத்தி, அரிதில் கடத்தி என்று படித்திருப்பீர்கள். வயரின் உள்ளே இருக்கும் தாமிரம் எளிதில் கடத்தி. மேலே உள்ள உறை அரிதில் கடத்தி. காரில் இன்னொரு சிறப்பும் உண்டு. மின்கலனின் எதிர்முனை காரின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அதாவது கார் முழுவதுமே ஒரு திரும்புகம்பி.

முதல் நிலைமை: உறை போன தாமிரம் இரும்பு உடலைத் தொடுகிறது. மின்னழுத்தம் 12 வோல்ட், தடை 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் = 12 ÷ 0.05 = 240 ஆம்பியர். அந்தக் கம்பிக்கு 15 ஆம்பியர் பியூஸ் இருந்தால் அது நொடிப்பொழுதில் உருகித் துண்டிக்கும். விளக்கோ ஹார்னோ வேலை செய்யாது. ஆனால் தீ பிடிக்காது. பியூஸ் தன் கடமையைச் செய்துவிட்டது. மின்கலனிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கம்பிக்குப் பல கார்களில் பியூஸ் இருப்பதில்லை. அதன் உறை சேதமாவதுதான் பேராபத்து.

இரண்டாவது நிலைமையைப் பலர் கவனிப்பதில்லை. கம்பி முழுதாக அறுபடவில்லை. பாதி இழைகள்தான் போயின. எஞ்சிய இழைகளில் நம் ஊர் ஈரம் பட்டுப் பச்சைக் களிம்பு ஏறுகிறது. அந்த இடத்தில் 0.5 ஓம் கூடுதல் தடை உருவானதாகக் கொள்வோம்.

முகப்பு விளக்கு 55 வாட். அதன் தடை 12 × 12 ÷ 55, ஏறக்குறைய 2.6 ஓம். இப்போது மொத்தத் தடை 3.1 ஓம். மின்னோட்டம் 12 ÷ 3.1, அதாவது 3.9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. முன்பு ஓடியதோ 4.6 ஆம்பியர். கவனியுங்கள்: மின்னோட்டம் கூடவில்லை, குறைந்திருக்கிறது! ஆகவே 15 ஆம்பியர் பியூஸ் அசையாது. ஆனால் கடிபட்ட அந்தச் சின்னப் புள்ளியில் மட்டும் ஏறக்குறைய 7.5 வாட் வெப்பம் ஓயாமல் வெளிப்படும். ஒரு சிறிய சாலிடரிங் கோலை வயர்க் கட்டுக்குள் செருகி வைத்ததற்கு ஒப்பானது இது. அருகில் எலி சேர்த்துவைத்த காய்ந்த இலையும் பஞ்சும் இருந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பியூஸ் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத்தான் தடுக்கும். மோசமான இணைப்பைத் தடுக்காது. "பியூஸ் போகலையே, ஒன்னும் இருக்காது" என்று கடிபட்ட வயரை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

மூன்றாவது, உணரிகளின் மெல்லிய கம்பிகள். ஆக்ஸிஜன் உணரி அனுப்பும் செய்தி பல கார்களில் 0.1 முதல் 0.9 வோல்ட் வரைதான். அந்தக் கம்பி பழுதானால் கணினி தவறான அளவைப் படித்து எரிபொருளைத் தவறாகக் கலக்கும். சக்கர உணரியின் கம்பி அறுந்தால் ஏபிஎஸ் பிரேக் செயலிழக்கும். சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் மழைச்சாலையில் சட்டென்று மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளலாம்.

சந்தையில் கிடைக்கும் தீர்வுகளைச் சோதிப்போம்

எந்தத் தீர்வையும் ஏற்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அது எப்படி வேலை செய்கிறது? முதல் வாரத்துக்குப் பிறகும் வேலை செய்கிறதா?

இரண்டாவது கேள்விக்குக் காரணம் உண்டு. எலி புதிய பொருளைக் கண்டால் அஞ்சி ஒதுங்கும். இது அதன் இயல்பு. ஆகவே நீங்கள் எதைப் புதிதாக வைத்தாலும் சில நாள் எலி வராமல் போகலாம். "வைத்தேன், நின்றுவிட்டது" என்று உடனே வாட்ஸ்அப்பில் பரப்பிவிடுகிறோம். பழகியபின் எலி திரும்பி வந்ததை யாரும் பரப்புவதில்லை.

மீயொலிக் கருவி: மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், எலி அதற்கு மேலும் கேட்கும். கருத்து சரி. ஆனால் 40,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 340 ÷ 40,000 மீட்டர், அதாவது 8.5 மில்லிமீட்டர். இவ்வளவு குறுகிய அலை இயந்திரத்தையும் மின்கலனையும் வளைந்து கடக்காது. அவற்றின் பின்னால் ஒலி நிழல் விழும். எலி அங்கே உட்கார்ந்துகொள்ளும். எலி ஒலிக்குப் பழகியும்விடும். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2001இல் இத்தகைய கருவிகளைத் தயாரித்து விற்ற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரமின்றி விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

பாச்சை உருண்டை: இதைத் தயவுசெய்து காரில் வைக்காதீர்கள். இதில் உள்ள நாப்தலீன் திடநிலையிலிருந்து நேரே வாயுவாகும். 80 பாகை செல்சியஸில் உருகியே விடும். இயந்திர அறையின் காற்று குளிர்சாதன வழியாகக் காருக்குள் வரக்கூடும். மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் பட்டால் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலையும் இரத்தச்சோகையும் வரலாம். எலிக்கு வைத்தது பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளையைத் தாக்கும்.

மிளகாய்க் காரம் பூசிய நாடா: இதற்கு உறுதியான அறிவியல் அடிப்படை உண்டு. மிளகாயின் கேப்சைசின், சூட்டை உணரும் நரம்புப் புரதத்தைத் தூண்டி எரிச்சலை ஏற்படுத்துகிறது. அந்தப் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எலியும் நம்மைப் போலப் பாலூட்டி என்பதால் அதற்கும் காரம் உறைக்கும். (பறவைகளுக்கு உறைக்காது, அதனால்தான் கிளி மிளகாயைக் கொறிக்கிறது.) ஹோண்டா நிறுவனம் இந்தக் காரம் சேர்த்த நாடாவை வயரில் சுற்றுவதற்கென்றே விற்கிறது. ஆனால் சுற்றிய இடத்துக்கு மட்டுமே பாதுகாப்பு. கையுறை இல்லாமல் தொட்டுவிட்டுக் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

புகையிலை, புதினா எண்ணெய்: வாசனை இருக்கும்வரைதான் பயன். இயந்திரச் சூட்டில் அது விரைவில் ஆவியாகிவிடும். டீசல் தடவுவதோ தீயை வலிய அழைப்பதாகும்.

எலி விஷம்: பெரும்பாலானவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. எலி சாகச் சில நாள் ஆகும்; அது காரின் குளிர்சாதனக் குழாயிலும் சாகலாம். செத்த எலியைத் தின்னும் பூனையும் கூகையும் பாதிக்கப்படும். நம் செம்பனைத் தோட்டங்களில் கூகைகளுக்குக் கூண்டு வைத்து எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். விஷம் அந்தக் காவல்காரனையும் சேர்த்துக் கொல்லும்.

பூனை: நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கட்டடத்து எலிகளையும் அங்கே வந்த பூனைகளையும் 79 நாள் படம் பிடித்தது. பூனைகள் கொன்றவை 2 எலிகள் மட்டுமே. மற்ற எலிகள் இன்னும் நன்றாக ஒளிந்துகொண்டன. ஒளிய இடம் தேடும் எலிக்கு உங்கள் கார் வசதியான இடம்!

அப்படியானால் எது பலன் தரும்?

எலியின் வீடும் உணவும் அருகில்தான் என்றோமே, தீர்வு அங்கேதான் தொடங்க வேண்டும்.

1. உணவை நிறுத்துங்கள். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். செல்லப்பிராணியின் தட்டை இரவில் உள்ளே எடுங்கள். விழுந்த பழங்களைப் பொறுக்குங்கள். காருக்குள் பிஸ்கட் துகள், ரொட்டிச்சானாய் பொட்டலம் எதையும் விடாதீர்கள்.

2. மறைவை அகற்றுங்கள். காரை நிறுத்தும் இடத்தில் பழைய பெட்டிகள், டயர்கள், அடர்ந்த செடிகள் வேண்டாம். முடிந்தால் சுவரிலிருந்து சற்று விலக்கி நிறுத்துங்கள்.

3. வண்டியை நகர்த்துங்கள். நீண்ட விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போனால், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காரை ஓட்டி வைக்க நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள்.

4. வழியை அடையுங்கள். குளிர்சாதனக் காற்று நுழையும் துவாரத்துக்கு 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளை கொண்ட எஃகு வலை போடலாம். எஃகை எலியால் கடிக்க முடியாது. இதைப் பட்டறையில் செய்யுங்கள். ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறைக்கக் கூடாது.

5. பொறியைச் சரியாக வையுங்கள். சுவரோரமாக வையுங்கள். முதல் சில நாள் பொறியை இயக்காமல் நெத்திலி மட்டும் வைத்துப் பழக்குங்கள். எலியின் அச்சம் நீங்கியபின் இயக்குங்கள்.

6. அக்கம்பக்கத்தாரோடு பேசுங்கள். உங்கள் வீட்டை மட்டும் சுத்தமாக்கினால் எலி அடுத்த வீட்டிலிருந்து வரும். பின்சந்து, கால்வாய் குப்பைக்கு நகராண்மைக் கழகத்திடம் குடியிருப்பாளர்கள் சேர்ந்து புகார் செய்யுங்கள்.

கடித்த பிறகு கவனிக்க வேண்டியவை

எலிச் சிறுநீரில் லெப்டோஸ்பைரா நுண்ணுயிர் இருக்கலாம். மலாய்மொழியில் 'கெஞ்சிங் தீக்குஸ்' என்று நாம் அறிந்த எலிச் சிறுநீர்க் காய்ச்சல் இதனால்தான் வருகிறது. தோலின் சிறு கீறல், கண், வாய் வழியாக அது உடலுக்குள் புகும். ஆகவே இயந்திர அறையைத் தொடும் முன் கையுறையும் முகக்கவரியும் அணியுங்கள். புழுக்கையைத் துடைப்பத்தாலோ காற்றுக் குழாயாலோ விரட்டாதீர்கள். இயந்திரம் ஆறியதும் மின்கலனின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, ஒரு பங்கு குளோராக்ஸுக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். வயர் இணைப்புகள்மேல் ஊற்றாதீர்கள். வாசனைக் குறி போய்விடும் என்பது கூடுதல் நன்மை. அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலி எச்சத்தைத் தொட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கடிபட்ட வயரை முறுக்கிக் கறுப்பு நாடா சுற்றுவது தற்காலிக வேலைதான். சேதமான பகுதியை வெட்டி, சாலிடர் செய்து அல்லது இணைப்பியால் இறுக்கி, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் ஈரம் புகாமல் மூட வேண்டும். கலப்பின வாகனத்திலும் மின்சார வாகனத்திலும் ஆரஞ்சு நிற வயர் உயர் மின்னழுத்தம் கொண்டது. அதை நீங்கள் தொடவே கூடாது. கடிபட்டதைப் படம் எடுத்து வையுங்கள். எலிக் கடிச் சேதத்தை உங்கள் வாகனக் காப்புறுதி ஏற்குமா என்று இன்றே கேட்டு வைப்பதும் நல்லது.

செய்து பார்ப்போம்

மாணவர்களே, எலி வருகிறதா என்று ஊகிக்காமல் கண்டுபிடிக்கலாம். மாலையில் காரின் நான்கு சக்கரங்களையும் சுற்றித் தரையில் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். (கோதுமை மாவு வேண்டாம், அது எலிக்கு விருந்து.) காலையில் கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து விரல் தடம் தெரிந்தால் எலியாக இருக்கலாம். ஆனால் மூஞ்சூறு கொறிவிலங்கு அல்ல. அது பூச்சி தின்பது. அதற்கு நான்கு பாதங்களிலும் ஐந்து விரல். படம் எடுத்துக்கொண்டு, பெரியவரின் உதவியோடு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

ஒரு வாரம் இப்படிப் பதிவு செய்யுங்கள். இரண்டாவது வாரம் குப்பைத் தொட்டியை மூடி வைத்துவிட்டு மீண்டும் பதிவு செய்யுங்கள். பிறகு இவற்றுக்கு விடை எழுதுங்கள்:

1. இந்த ஆய்வில் தற்சார்பு மாறி எது? சார்பு மாறி எது?

2. எந்தெந்த மாறிகளைக் கட்டுப்படுத்த வேண்டும்? (மழை பெய்த இரவையும் எண்ணிப் பாருங்கள்.)

3. மூடிய முதல் இரண்டு நாளில் தடம் குறைந்தது என்பதை மட்டும் வைத்து முடிவு சொல்லலாமா? எலியின் எந்த இயல்பை நினைவில் கொள்ள வேண்டும்?